ஃபார்ச்சூனரா, வி-கிராஸா? இரண்டையும் ஓட்டுகிறவன் சொல்வது

பெரிய வண்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு கேட்டுக்குப் போங்கள். பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப்பான இசுசு வி-கிராஸின் நீளம் சுமார் 5.3 மீட்டர், அதாவது பதினேழு அடிக்கு மேல். டொயோட்டாவின் ஏழு சீட்டு எஸ்யுவி ஃபார்ச்சூனர் 4,795 மி.மீ. பக்கத்து வீட்டு ஸ்விஃப்ட் நாலு மீட்டரைக்கூடத் தொடாது. அடுக்குமாடிகளில் காருக்கு 5 மீட்டர் கணக்கில்தான் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் வி-கிராஸை விட்டால் மூக்கோ வாலோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும், அப்புறம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் வண்டி போட்டோ வரும். இதை எந்த சேல்ஸ்மேனும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது வி-கிராஸ், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு இருப்பதால் எடுத்தது. மச்சானிடம் ஃபார்ச்சூனர் 4×4 (நாலு சக்கரமும் இழுக்கும் வகை) டீசல் ஆட்டோமேட்டிக், அவர் கோயம்புத்தூரில் தொழில் செய்கிறவர். ஊருக்கு வந்தால் சாவியை மாற்றிக்கொள்வோம், அதனால் இரண்டையும் நன்றாகவே ஓட்டியிருக்கிறேன்.

முதலில் நல்லது. நெடுஞ்சாலையில் ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் அடித்துக்கொள்ள முடியாதது. 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கும் முறுக்கு விசை. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் லாரியை முந்தும்போதுகூட எஞ்சின் மூச்சு வாங்காது. வி-கிராஸில் 1.9 லிட்டர்தான், 163 குதிரைத்திறன், 360 டார்க். அந்த வண்டிக்கு இது போதும், ஆனால் அதே வேகத்தில் முந்த நினைத்தால் கொஞ்சம் முன்கூட்டியே கணக்குப் போடவேண்டும். இரண்டுமே சேஸிஸ் என்ற கனமான இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை வைத்துக் கட்டிய வண்டிகள். பள்ளம் மேடு பார்த்து ஒதுங்கி ஓட்டவேண்டிய வேலை இல்லை. மழைக்குப் பிறகு குதறிப்போட்ட கிராமத்துச் சாலையில் கார்க்காரர்கள் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

தோப்புக்குள் வி-கிராஸ் செய்வதைச் சாதாரண கார் செய்யாது. தண்ணீர் பாய்ந்த வரப்போரம், மேலே ஈர ஓலை கிடக்கும், கீழே குழைந்த மண். டூ வீல் டிரைவில் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றி மண்ணை வாரி அடிக்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, குமிழை 4எல்லுக்கு (நாலு சக்கரமும் குறைந்த கியரில் இழுக்கும் நிலை) திருப்பி, கிளட்சை மெதுவாக விட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே தானாக ஊர்ந்து வெளியே வந்துவிடும். டிராக்டர்காரருக்குப் போன் போட்டுக் காத்திருந்த காலத்தை நினைத்தால் இந்த ஒன்றுக்காகவே வண்டிக்குக் கொடுத்த பணம் தகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு வண்டியிலும் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாமே போட்டுக்கொள்வது; முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுகிறது, சேற்றில் அது வழுக்கிச் சரியாகிவிடும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் அந்த முறுக்கு முழுக்க கியர்பாக்ஸிலும் ஷாஃப்டிலும் ஏறும். கெத்துக்காக ஹைவேயில் 4ஹெச் (நாலு சக்கரமும் வழக்கமான கியரில் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

இப்போது சரக்கு. பிக்கப் என்றதும் லோடு அடிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வி-கிராஸில் பின்தொட்டியின் நீளம் சுமார் ஐந்தடிதான், அதிலும் இரண்டு பக்கமும் சக்கர வளைவு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையை அந்த உயரத்துக்குத் தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும், ஆள் இரண்டு வேண்டும். நாலைந்து மூட்டை, சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், ரிப்பேருக்குப் போகிற மோட்டார், சேறான மண்வெட்டி, இந்த மாதிரி அழுக்குச் சாமான்களுக்குச் சரியான வண்டி. வெட்டுப் போட்ட தேங்காயை ஏற்றுவதற்கு இல்லை. அதற்கு குட்டியானையை வாடகைக்குக் கூப்பிட்டால் முடிந்தது, அல்லது பொலேரோ பிக்கப். சொந்த உபயோகப் பதிவில் வெள்ளை போர்டு வண்டியாக எடுத்துவிட்டு வாடகைக்கு லோடு அடிக்கவும் முடியாது, பிடித்தால் அபராதம். போதாததற்கு ஒரு சுங்கச்சாவடியில் நம்மைச் சரக்கு வண்டி என்று கணக்கிட்டுக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். ஆர்.சி.யைக் காட்டிப் பேசவேண்டியதாகிவிட்டது.

சவாரி பற்றிக் கேட்டால், வி-கிராஸில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். தொட்டி காலியாக இருந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்சீட்டில் இருப்பவர்கள் ஒரு துள்ளு துள்ளி உட்காருவார்கள், கொஞ்சம் எடை ஏற்றினால் அடங்கிவிடும். பின்சீட்டின் சாய்வும் பிக்கப்புகளுக்கே உரிய மாதிரி நிமிர்ந்துதான் இருக்கும், மதுரை வரைக்கும் போனால் முதுகு சொல்லிவிடும். அம்மாவுக்கு முட்டி வலி, அவர் ஏறுவதற்கென்றே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் தொட்டியில் கிடக்கிறது. வண்டியை நிறுத்தி, இறங்கி, ஸ்டூலை எடுத்துப் போட்டு, ஏற்றிவிட்டு, மறுபடி அதைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்காரவேண்டும். ஃபார்ச்சூனரில் ஃபுட்போர்டும் கைப்பிடியும் நல்ல இடத்தில் இருப்பதால் அம்மா தானே ஏறிக்கொள்கிறார். ஆனால் அதிலும் மூன்றாம் வரிசை சீட்டைப் பாருங்கள். தரையோடு தரையாக மடங்காது, இரண்டு பக்கமும் தூக்கி ஜன்னலோரம் மாட்டித் தொங்கவிடவேண்டும். டிக்கியில் பாதி இடத்தை அது சாப்பிட்டுவிடும். அரைக் கோடி பக்கம் வரும் வண்டியில் இப்படியா என்று ஒவ்வொரு முறை பெட்டி அடுக்கும்போதும் தோன்றும்.

மலைக்குப் போனால்தான் நீளம் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஃபார்ச்சூனர் ஸ்டியரிங் கனமாக இருந்தாலும் திரும்பிவிடுகிறது. வி-கிராஸில் வளைவின் வெளி ஓரம் வரைக்கும் போய்த்தான் ஒடிக்கவேண்டும், எதிரே பஸ் இறங்கி வந்தால் நின்று வழிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மழையில் காலித் தொட்டியோடு இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும், எடை முழுக்க முன்னால் இருக்கிறது, பின்பக்கம் லேசு, வளைவில் திடீரென்று பிரேக் அடித்தால் வால் தனியாகப் போகப் பார்க்கும்.

இனி நிறையப் பேருக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். நம் ஊரில் இந்த வண்டிகள் விற்பதற்குப் பெரிய காரணம் சாலையில் கிடைக்கும் மரியாதை. வெள்ளை ஃபார்ச்சூனர் கண்ணாடியில் தெரிந்தால் முன்னால் போகிறவர் தானே ஒதுங்குகிறார், ஹோட்டலில் செக்யூரிட்டி ஓடி வருகிறார். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் உயரத்தில் உட்கார்ந்தால் நூறு என்பது எழுபது மாதிரிதான் தெரியும், இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அந்த வேகத்தில் நிற்க எடுக்கும் தூரம் கால் பிரேக்கில் போகும்போதுதான் புரியும். மூக்கு உயரமாக இருப்பதால் பம்பருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை டிரைவர் கண்ணில் படாது, இடது முன் தூணுக்குப் பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் முழுசாக மறைந்துவிடும். அமெரிக்காவில் ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு தாழ்ந்த, சரிவான மூக்குள்ள கார்களைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. காலில் அடிக்காமல் நெஞ்சில் அடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் பம்பருக்கு முன்னால் புல் பார் என்ற இரும்புத் தடுப்பு வேறு மாட்டுகிறார்கள். 2017-லேயே மத்திய அரசு அதைக் கழற்றச் சொல்லிவிட்டது, கட்சிக்கொடி கட்டிய வண்டிகளில் இன்னும் பார்க்கலாம்.

செலவு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து சாலை வரி 20 சதவீதம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 40 சதவீதமாகக் குறைந்தது ஃபார்ச்சூனருக்கு நல்ல செய்திதான், அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 50. மைலேஜ் இரண்டிலும் ஊருக்குள் ஒன்பது பத்து, வெளியே நிதானமாகப் போனால் பன்னிரண்டு பதின்மூன்று. பதினெட்டு அங்குல டயர் நாலையும் ஒரே நேரத்தில் மாற்றும் மாதம் வேறு செலவு வைத்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரில் காந்திபுரம், கிராஸ்கட் ரோடு என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, புகையை வடிகட்டும் டிபிஎஃப். அதில் சேரும் கரி எரிந்து போக நல்ல சூடு வேண்டும், தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் அந்தச் சூடு வராது. வாரம் ஒரு தடவையாவது பைபாஸில் அரை மணி நேரம் விட்டு ஓட்டுங்கள்.

யாருக்கு எது? தோப்பு, எஸ்டேட், ஈர மண் என்று அன்றாடம் இருந்தால் வி-கிராஸ், மைலேஜ் பார்க்காமல் எடுக்கலாம். பெரிய குடும்பம், மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலை, நாலைந்து வருடத்தில் விற்றால் நல்ல விலை வேண்டும் என்றால் ஃபார்ச்சூனர். நகரத்துக்குள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கு என்றால் இரண்டும் வேண்டாம், இன்னோவாகூட அதிகம்தான்.

பழைய வண்டிக்குத் தயாராக இருப்பவர்கள் ஃபோர்டு எண்டெவரையும் பாருங்கள். நம்ம மறைமலை நகரில் வந்துகொண்டிருந்த வண்டி, 2021-ல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததோடு நின்றுபோனது. சவாரியும் ஸ்டியரிங்கும் ஃபார்ச்சூனரைவிட எனக்குப் பிடிக்கும். ஆனால் சென்னைப் பதிவு வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.