அரிஸ்டார்கஸும் ஹிப்பார்கஸும்: கூடுதலாக மறக்கப்பட்டவர் எவர்?

சூரியனை மையத்தில் நிறுத்திய பண்டைய கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்கஸின் பெயர், பின்னாளில் அதே கருத்தை முன்வைத்த கோப்பர்நிக்கஸைப் பற்றிப் பேசும்போதாவது வந்துவிடுகிறது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல் பிந்திய ஹிப்பார்கஸுக்கு அந்த வாய்ப்பும் அரிதே. என் கணிப்பில் பெரிய வானியலாளர் இரண்டாமவர்தான்.

சாமோஸ் தீவினரான அரிஸ்டார்கஸின் பலம் வடிவியல். சரியாக அரைநிலவு தெரியும் வேளையில் பூமி, நிலவு, சூரியன் மூன்றும் செங்கோண முக்கோணமாக அமையும் என்று கண்டு, நிலவுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை 87 பாகையாகக் கொண்டு, சூரியன் நிலவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் உள்ளதெனக் கணக்கிட்டார். உண்மையில் அது ஏறத்தாழ 390 மடங்கு. முறையில் குற்றமில்லை, கோணத்தின் அளவில்தான் பிழை.

ஹிப்பார்கஸ் அளவுகளை நம்பியவர். சித்திரை விண்மீன் இலையுதிர்காலச் சம இரவுப் புள்ளியிலிருந்து (இலையுதிர்காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் வானில் சூரியன் இருக்கும் இடம்) 8 பாகை விலகியிருந்ததாக, அவருக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் டிமோகாரிஸ் என்ற வானியலாளர் குறித்திருந்தார். ஹிப்பார்கஸ் அளந்தபோது அது 6 பாகையாக இருந்தது. முன்னவரின் பார்வைப் பிழை என்று எளிதாக ஒதுக்கியிருக்கலாம். அவரோ, அந்தப் புள்ளியே நூற்றாண்டுக்குக் குறைந்தது 1 பாகை நகர்கிறது என்று முடிவு செய்தார். இன்றைய மதிப்பு, சுமார் 72 ஆண்டுகளுக்கு 1 பாகை. நிலவின் தொலைவையும், பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு என்னும் உண்மை அளவுக்கு வெகு அருகில் கொண்டுவந்தார்.

அரிஸ்டார்கஸின் சூரிய மையக் கருத்தை ஆர்க்கிமிடீஸ் குறித்து வைத்ததால் அறிகிறோம். ஹிப்பார்கஸின் நூல்களில் ஓர் உரைநூல் மட்டுமே எஞ்சியிருக்க, மற்றவை பெரும்பாலும் பிற்கால வானியலாளர் தாலமியின் 'அல்மகெஸ்ட்' என்னும் பெருநூலுக்குள் கரைந்துவிட்டன.