யப்பான் செற்றைத் திருத்துவதா, கழற்றிவிட்டு அன்ரோயிட் போடுவதா?

என் 2013 ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பற்றரியை மாற்ற, யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு கராஜில் விட்டிருந்தேன். பற்றரி வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. ரேடியோவும் வரைபடமும் சேர்ந்த யப்பான் செற்றின் ஸ்கிரீன்தான் யப்பான் எழுத்தில் இரண்டு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. "அண்ணை, செற் லொக் ஆகிட்டுது. கோட் கேக்குது" என்றான் தம்பி. பாட்டும் இல்லை, ரேடியோவும் இல்லை.

திறக்க வழி உண்டு. ஸ்கிரீனில் தெரியும் இலக்கத்தை அனுப்பினால் அதற்குரிய கோட்டைக் கணித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். சரி, திறந்த பிறகு கையில் இருப்பது என்ன? யப்பான் வரைபடம். காசு கொடுத்துப் புது எஸ்டி கார்ட் வாங்கினால் ஒசாகாவின் புது வீதிகள் வரும். 2011இல் திறந்த நம் ஊர்ச் சங்குப்பிட்டிப் பாலம் வராது. ரேடியோவும் அங்கத்தைய அப்போதைய எஃப்எம் அலைவரிசைக்கு, அதாவது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும், செய்தது. நம் நிலையங்கள் 108 வரை போகின்றன. இடையில் எக்ஸ்பாண்டர் என்ற அலைவரிசை மாற்றியைப் பூட்டினால் 20ஐக் கழித்துத் தரும்: 98இல் ஒலிபரப்பாவதை 78இல் தேட வேண்டும். மெனுவை ஆங்கிலமாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். எல்லா மாதிரிக்கும் அது சரிவராது.

ஆனாலும் பழைய செற்றைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சாவியைப் போட்டதும் விழிக்கும். பின்கமரா, ஸ்டியரிங் பொத்தான்கள் எல்லாம் பிசகாமல் வேலை செய்யும். பத்து வருட வெயிலைத் தாங்கியிருக்கிறது. பாட்டுக் கேட்கவும் பின்னால் பார்க்கவும் மட்டும் போதும் என்றால், கோட்டை வாங்கிப் போட்டுவிட்டு அப்படியே ஓடலாம். அடுத்த முறை பற்றரி மாற்றும்போது வேறு மின்சாரம் கொடுத்து வைத்துக்கொண்டு கழற்றச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அன்ரோயிட் செற் பார்வைக்கு நல்ல வடிவு. பெட்டியில் எழுதியிருக்கும் மெமரி அளவையும் அன்ரோயிட் பதிப்பையும் மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். செட்டிங்ஸில் பொய்யான இலக்கம் காட்டும் செற்றுகளும் சந்தையில் உண்டு. இன்னொரு சிக்கல், அதற்கு அப்டேட் என்று பெரும்பாலும் ஒன்றும் வராது. இணையத்தில் தேடி, செற்றின் உள்ளே உள்ள மின்பலகைக்குப் பொருந்தாத மென்பொருள் கோப்பை ஏற்றினால் செற் செத்துவிடும். பழசாகிவிட்டது என்று ஒன்றைக் கழற்றி, இரண்டு வருடத்தில் பழசாகப் போகும் இன்னொன்றைப் பூட்டுகிறோம்.

சீக்கிரம் விழிப்பதற்காக இவற்றில் பல, வண்டியை நிறுத்திய பிறகும் முழுதாக அணையாமல் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே கிடக்கும். ஹைபிரிட்டின் சின்னப் பற்றரிக்கு அது தாங்காது. யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தால் வண்டி 'ரெடி' ஆகாது, ஓடாது. வயர் விஷயமும் உண்டு: சில ரொயோட்டா கமராக்கள் 6 வோல்ட். 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் கமரா போய்விடும். வயரை வெட்டாமல் பொருத்தும் சொக்கற்றோடுதான் செய்வேன் என்று சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள். செற் பொருந்தும் 200 மில்லிமீற்றர் அகல ரொயோட்டா வாய்க்கு 178 மில்லிமீற்றர் செற்றைப் போட்டால் இரண்டு பக்கமும் ஓட்டை விழும். அதை மூடும் சட்டகத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியில் நான் போட்டது இரண்டுமில்லை. தனக்கென்று அதிகம் மென்பொருள் இல்லாத, போனில் இருப்பதை வண்டி ஸ்கிரீனில் காட்டும் கார்பிளேயும் அன்ரோயிட் ஓட்டோவும் மட்டும் ஓடும் செற். வரைபடமும் பாட்டும் போனிலிருந்து வருகின்றன. போன் அப்டேட் ஆனால் அவையும் புதிதாகிவிடும். போனை மறந்து வீட்டில் விட்டுவிட்டால் ரேடியோதான் கதி.

கழற்றி வேறு போடும் இதே கணக்கை, கியரை இயக்கும் கணினிக்குப் போடக்கூடாது. 2013இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டை, பெரும்பாலும் கியர், எஞ்சின் மென்பொருள் கோளாறுகளுக்காக, ஒரு வருடத்துக்குள் பல தடவை ஹொண்டாவே திருப்பி அழைத்து நிரலை மாற்றி எழுதியது. அப்படியான வண்டி இழுத்து இழுத்து ஓடினால், ஹொண்டாவின் யப்பான் இணையத்தளத்தில் சேசி இலக்கத்தைக் கொடுத்து அந்த வேலை நடந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடக்கவில்லை என்றால் அப்டேட்தான் வழி. பழைய வண்டியில் கழற்றிய கணினியைப் போட்டால் திருட்டைத் தடுக்கும் சாவிப் பூட்டும், கிளட்ச் அளவுகளும் ஒத்துவராமல் இரண்டாவது செலவு வரும். அப்டேட்டும் விளையாட்டில்லை, எழுதும்போது பாதியில் மின்சாரம் விழுந்தால் கணினி போயே போச்சு. சார்ஜரைப் பூட்டி வோல்ட்டை இறங்கவிடாமல் வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அதைச் செய்யாத கராஜில் வண்டியை விடவேண்டாம்.

பழைய செற்றைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். விற்கும்போது யாராவது கேட்கலாம். ஆனால் வண்டிக்குள் யப்பான் மொழியில் பேசும் யப்பான்காரி முழுதாகப் போகவில்லை. நெடுஞ்சாலைக் கட்டண கார்ட் செருகவில்லை என்று சொல்லும் பெட்டி தனி, அதை யாரும் கழற்றவில்லை. காலையில் வண்டியைத் தட்டியதும் அவ சொல்லத்தான் செய்கிறா. வணக்கம் சொல்கிறா என்றுதான் அம்மா இவ்வளவு நாளும் நினைத்திருந்தா.