குழந்தைகளுக்கான வானிலைப் பெட்டி: ஏழு மாதம் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்த பிறகு

ஏப்ரல் கடைசியில், கோடை விடுமுறை ஆரம்பித்த வாரம், குழந்தைகளுக்கான வானிலைப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்தரை. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, மேலே மொட்டை மாடி காலியாகக் கிடக்கிறது, வெளியே விளையாட விட முடியாத வெயில், சரி, அந்த வெயிலையே அளக்கட்டும் என்றுதான் வாங்கினேன். இப்போது நவம்பர். அந்தத் தளத்தில் இருக்கிற விமர்சனங்கள் எல்லாம் பெட்டி வந்த அன்றே எழுதியவை, அவற்றை வைத்து வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு வழியே இல்லாமல் போனது. அதனால்தான் ஏழு மாதம் பொறுத்து எழுதுகிறேன்.

உள்ளே இருந்தவை: சிவப்புத் திரவம் போட்ட வெப்பமானி, பிளாஸ்டிக் மழைமானி, மூன்று கிண்ணம் வைத்த காற்றுமானி, காற்றின் திசையைக் காட்டும் அம்பு, காற்றழுத்தமானி செய்துகொள்ள பலூனும் உறிஞ்சு குழலும், ஒரு சுவர் அட்டவணை, நிறைய ஸ்டிக்கர்.

முதலில் வெப்பமானி. கண்ணாடி ஜன்னலில் ஒட்டி வைக்க ரப்பர் மூடி கொடுத்திருக்கிறார்கள், வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிற படமும் அப்படித்தான். அப்படியே ஒட்டினோம், மதியம் இரண்டு மணிக்கு 49 காட்டியது. பெரியவள் பயந்துபோய் ஓடி வந்தாள். மறுநாள் நாளிதழில் வேலூரில் 105 டிகிரி என்று போட்டிருந்தது, அது பாரன்ஹீட், செல்சியஸில் 40.6 வரும். வெயில் நேராகப் படுகிற கருவி தன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது. புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அது எனக்குப் பெரிய குறை. வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்ந்த பலகைகள் வைத்த ஒரு பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலு அடி உயரத்தில் வெப்பமானியைத் தொங்க விடுவார்கள், காற்று போய் வரும், வெயில் நுழையாது. நாங்கள் ஐந்து வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டுக் கவிழ்த்து, உள்ளே வெப்பமானியைக் கட்டி, வடக்குப் பக்கத்து பால்கனியில் தொங்கவிட்டோம். செலவு நூறு ரூபாய்க்குள். அதற்குப் பிறகுதான் எண்கள் நாளிதழோடு ஒத்துப்போக ஆரம்பித்தன.

இன்னொன்றும் செய்தோம். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் வெப்பமானியை வைத்தோம். உருகும் ஐஸில் 0 காட்ட வேண்டும், எங்களுடையது 2 காட்டியது. அன்றிலிருந்து எந்த எண் வந்தாலும் பெரியவள் இரண்டைக் கழித்துத்தான் எழுதுகிறாள். கருவியும் தப்பு சொல்லும், அதைக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது எட்டு வயதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அது கல்லூரி ஆய்வகத்தில்தான் தெரிந்தது. ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும், வெப்பமானியில் செல்சியஸ், பாரன்ஹீட் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நம் ஊரில் 'வெயில் சதம் அடித்தது' என்று செய்தி வந்தால் அது 37.8 செல்சியஸ் என்பதை சின்னவன் விரல் வைத்தே காட்டுகிறான்.

காற்றுமானி வீண். மே மாதம் முழுக்க அசையவே இல்லை, பிறகு ஒரு சாயங்காலம் பாலமதி மலைப் பக்கமிருந்து இடியோடு காற்று கிளம்பியபோது சுற்றோ சுற்றென்று சுற்றி, பிளாஸ்டிக் அச்சு முறிந்துவிட்டது. அதற்குப் பதில் நாங்களே ஒரு அட்டவணை போட்டோம்: வேப்பிலை மட்டும் அசைந்தால் 1, கொடியில் துணி ஆடினால் 2, எதிர்வீட்டுத் தென்னை மட்டை வளைந்தால் 3, கதவு தானாக அடித்துக்கொண்டால் 4. 1805இல் பியூஃபோர்ட் என்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி தன் கப்பலுக்குப் போட்ட அளவுகோலும் இதே வகைதான், காற்று எதை என்ன செய்கிறது என்று பார்த்து எண் கொடுப்பது. திசைகாட்டும் அம்பு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் காற்று போகிற பக்கத்தைக் காட்டாமல் வருகிற பக்கத்தைக் காட்டுவதால் பிள்ளைகள் குழம்பினார்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கு கொண்டல், மேற்கு கோடை, எல்லாப் பெயரும் வருகிற திசைக்குத்தான் என்று சொன்னதும் குழப்பம் தீர்ந்தது.

பலூன் காற்றழுத்தமானிமேல் எனக்கு நிறைய எதிர்பார்ப்பு இருந்தது, ஏனென்றால் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் அப்படி என்றால் என்ன என்று கேட்பார்கள். பாட்டில் வாயில் பலூனை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் குழலின் ஒரு முனையை ஒட்ட வேண்டும், மறுமுனை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பலூன் மேலே உப்பும், குழல் விளிம்பில் ஏற்றப்பலகை மாதிரி சாய்ந்து நுனி கீழே இறங்கும், அது மழைக்கு அறிகுறி. மாடிப்படி ஓரம் வைத்தோம். தினமும் மதியம் குழலின் நுனி கீழே இறங்கி மழை வரும் என்று காட்டியது, மழையோ வரவே இல்லை. பாட்டிலுக்குள் இருக்கிற காற்று வெயிலில் சூடாகி விரிந்து பலூனை மேலே தள்ளுகிறது, அதனால்தான் நுனி இறங்குகிறது என்று புரிய எனக்கே நாலு நாள் ஆனது. பத்தாம் நாள் பலூன் காய்ந்து வெடித்தது. பிறகு என் கணவரின் போனில் காற்றழுத்த சென்சார் இருப்பதைக் கண்டுபிடித்தோம், அதில் காற்றழுத்தம் 980 மில்லிபாரை ஒட்டி வந்தது. டிவியில் ஆயிரத்துக்கு மேல் சொல்கிறார்களே என்று பெரியவள் கேட்டாள். அவர்கள் கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள், வேலூர் 200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, எட்டு ஒன்பது மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும் என்றதும் அவளே வகுத்துப் பார்த்துவிட்டாள். காலை பத்து மணி வாக்கில் ஏறுவதும் மாலை நாலு மணி வாக்கில் மூன்று நான்கு மில்லிபார் இறங்குவதும் தினமும் நடப்பதை அந்தப் போனில்தான் பார்த்தோம்.

இனி மழைமானி. இந்தப் பெட்டியில் காசுக்கு உண்மையான மதிப்பு இதுதான். சுற்றுச்சுவர் மறைக்காத நடு மாடியில், சாயாமல் இருக்க செங்கல் முட்டுக் கொடுத்து வைத்தோம். முதல் மழை 22 மி.மீ. என் மாமியார் அணைக்கட்டுப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். காலையில் "இன்னா கண்ணு, எவ்ளோ பேஞ்சுது?" என்று கேட்டார், பிள்ளைகள் எண்ணைச் சொன்னார்கள், அவர் கீழே இறங்கி முருங்கை மரத்தடியில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "ஒரு உழவு மழைக்கு இன்னும் கொஞ்சம் வேணும்" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் நோட்டில் இரண்டு பத்தி: ஒன்றில் மி.மீ., இன்னொன்றில் ஆயா, அதாவது அவர்கள் பாட்டி, சொன்னது. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர், எங்கள் மாடி 60 சதுர மீட்டர், ஆக அன்று மட்டும் 1320 லிட்டர் விழுந்திருக்கிறது. மேலே இருக்கிற 1000 லிட்டர் டேங்கைக் காட்டி இதைச் சொன்னபோது சின்னவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பெரிய பாத்திரத்தில்தான் நிறைய மழை பிடிக்கும் என்று அவன் அடம்பிடித்தான். நேர்ச்சுவராக இருக்கிற அரிசி டப்பா ஒன்றையும் சின்ன சம்படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் இரண்டிலும் ஒரே ஆழம். பள்ளிக்கூட ஸ்கேலில் 0க்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அதை அப்படியே டப்பாவில் நிறுத்தினால் அளவு குறைவாக வரும், அதையும் இதில்தான் கவனித்தோம்.

குறை என்னவென்றால், இந்த மழைமானியில் 40 மி.மீ. வரைதான் இடம். ஒரு நாளில் 64.5 மி.மீ. தொட்டால்தான் வானிலை ஆய்வு மையம் அதைக் கனமழை என்று சொல்லும். கனமழை என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமான சொல், பள்ளி விடுமுறையே அதில்தான் இருக்கிறது, அதை அளக்க முடியாத மழைமானியை வைத்துக்கொண்டு அக்டோபரில் தவித்தோம். ஒரு ராத்திரி நிரம்பி வழிந்துவிட்டது, எவ்வளவு என்றே தெரியாமல் போனதில் பெரியவள் அழுதாள். இப்போது பக்கத்திலேயே அரிசி டப்பாவும் நிரந்தரமாக இருக்கிறது. ஆய்வு மையம் தினமும் காலை 8.30க்கு அளக்கிறது, எங்களுக்கு அது பள்ளி வேன் வந்துவிட்டுப் போயிருக்கும் நேரம், அதனால் 7.45 என்று வைத்துக்கொண்டோம். நேரம் மாறாமல் இருந்தால் போதும்.

ஒரு நாள் மழைமானியில் 3 மி.மீ. கூட இல்லை, ஆனால் பாலாற்றில் தண்ணீர் ஓடியது. இரண்டு பேருக்கும் நம்பவே முடியவில்லை. ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரா வழியாக வாணியம்பாடிப் பக்கம் நுழைந்து நம்மிடம் வருகிறது, அங்கே பெய்ததை நம் டப்பா பிடிக்காது என்று வரைபடம் வைத்துச் சொன்னேன். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை அப்போதுதான் அவர்களுக்கு முதல் தடவையாகச் சொன்னேன்.

ஸ்டிக்கர்களைப் பற்றி எனக்குக் கோபம்தான். பனிமனிதன் பன்னிரண்டு, உதிரும் இலைகள் எட்டு, கத்திரி வெயிலுக்கு ஒன்று கூட இல்லை. இந்தியாவில் விற்கிறவர்கள் இங்கே என்ன பெய்யும், என்ன காயும் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். பெரியவள் தானே வரைந்துகொண்டாள்: கத்திரி, இடி மட்டும் மழை இல்லை, வெயிலோடு மழை, புழுக்கம்.

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வாங்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டுவதோடு நின்றுவிடும். ஏழு வயதுக்கு மேல், தினமும் கூட மாடி ஏற வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் வாங்கலாம், அதுவும் 500 ரூபாய்க்குள் கிடைத்தால். இல்லையென்றால் தனியாக ஒரு வெப்பமானியும் நேர்ச்சுவர் டப்பாவும் ஸ்கேலும் போதும். வாங்குவதற்கு முன்னால் சத்துவாச்சாரியிலேயே இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போய்விட்டு வாருங்கள், பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முறிந்த அச்சு தனியாகக் கிடைக்குமா என்று விற்றவர்களுக்கு இரண்டு தடவை எழுதினேன், பதில் இல்லை. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஒரு பழைய சக்கரக் கம்பியை வெட்டிப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. போன வாரத்திலிருந்து வாடைக்காற்றில் அது சுற்றுகிறது, ஒரு கிண்ணத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்திருக்கிறோம், அரை நிமிடத்தில் எத்தனை சுற்று என்று சின்னவன் எண்ணுகிறான், இருபதைத் தாண்டினால் அக்காவைக் கூப்பிடுகிறான்.