உளவுத்துறையும் எம்.பி.க்களும்: வாஷிங்டன் வழியா, லண்டன் வழியா?

சி.ஐ.ஏ.வில் அமெரிக்க காங்கிரசோடு பேசுவதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. செனட், பிரதிநிதிகள் சபை இரண்டின் உளவுக் குழுக்களுக்கும் அறிவிப்புக் கடிதம் அனுப்புவது, விளக்கக் கூட்டத்துக்கு அதிகாரிகளைத் தயார்படுத்துவது, குழு ஊழியர்கள் கேட்பதற்குப் பதில் வாங்கித் தருவது என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். லண்டனில் இத்தனை தகவல் பரிமாற்றம் கிடையாது. உள்நாட்டு உளவைப் பார்க்கும் எம்.ஐ.5, வெளிநாட்டு உளவைப் பார்க்கும் எம்.ஐ.6, ஒட்டுக்கேட்பைப் பார்க்கும் ஜி.சி.எச்.க்யூ. மூன்றையும் கவனிப்பது, 1994 சட்டத்தால் வந்த ஒன்பது பேர் நாடாளுமன்றக் குழு ஒன்றுதான். அதில் இரு அவையினரும் உண்டு.

அமெரிக்கர்களின் பிடி பணத்தில் இருக்கிறது. செனட் குழு 1976-இலும் பிரதிநிதிகள் சபைக் குழு 1977-இலும் அமைந்தன. நடப்பதை முழுமையாகவும் உடனுக்குடனும் தெரிவிக்க வேண்டும் என்று 1980-இல் சட்டமே வந்தது. ஆனால் உளவு நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவருவது சட்டத்தைவிட, வருடாவருடம் நிதிக்காக இதே குழுக்களிடம் வந்து நிற்க வேண்டிய கட்டாயம்தான்.

1984-இல் நிகராகுவா துறைமுகங்களில் சி.ஐ.ஏ. கண்ணிவெடி வைத்த விவகாரம், தெரிவிக்கும் கடமையில் எழும் இழுபறிக்கு நல்ல உதாரணம். இயக்குநர் வில்லியம் கேசி, செனட் குழுவிடம் நீண்ட விளக்கத்தின் நடுவே அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னேன் என்று சாதிக்கலாம், கேட்டவர் கவனிக்கவும் மாட்டார்! குழுத் தலைவர் பேரி கோல்ட்வாட்டர் கேசியின் சொந்தக் கட்சிக்காரர். அவரே கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். துணைத் தலைவர் மொய்னிஹான் பதவி விலகுவதாக அறிவித்தார். கேசி மன்னிப்புக் கேட்டபின் மொய்னிஹான் விலகும் முடிவைக் கைவிட்டார். எதை, எப்போது தெரிவிப்பது என்று அதே வருடம் எழுத்துப்பூர்வ உடன்பாடு போட்டார்கள்.

ஓட்டை இல்லாமல் இல்லை. மிக நுட்பமான ரகசிய நடவடிக்கையை இரு கட்சித் தலைமையையும் சேர்ந்த எட்டுப் பேருக்கு மட்டும் சொன்னால் போதும் என்று ஒரு வழி இருக்கிறது. இப்படிச் சிலரோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? மின்னணு உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஒட்டுக்கேட்புத் திட்டம் பற்றி 2003-இல் விளக்கம் பெற்ற செனட்டர் ராக்ஃபெல்லரால் தன் ஊழியர்களிடமோ வழக்கறிஞரிடமோ கலந்து பேச முடியவில்லை. கவலையைத் துணை அதிபர் செனிக்குக் கையால் எழுதி அனுப்பி, பிரதியைப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார். 2014-இல் நடந்தது இன்னும் மோசம்: கைதிகளை சி.ஐ.ஏ. சித்திரவதை செய்தது பற்றி விசாரிப்பதற்காக செனட் ஊழியர்கள் பயன்படுத்திய கணினிகளுக்குள்ளேயே சி.ஐ.ஏ. ஆட்கள் புகுந்துவிட்டார்கள். முதலில் மறுத்த இயக்குநர் பிரென்னன் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

பிரிட்டிஷ் குழுவுக்கு 2013 வரை தகவலைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமே இல்லை. உளவுத் தலைவர்கள் மறுத்தால் மறுத்ததுதான். இப்போது கேட்டு வாங்கலாம், ஆனால் அமைச்சர் தடுக்கலாம். நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கைகள் பொதுவாக வரம்புக்கு வெளியே. அறிக்கையும் முதலில் பிரதமரிடம்தான் போகும். பிரிட்டிஷ் அரசியலில் ரஷ்யத் தலையீடு பற்றிய அறிக்கை 2019 அக்டோபரிலேயே பிரதமர் கைக்குப் போனது. டிசம்பரில் தேர்தலும் முடிந்து, 2020 ஜூலையில்தான் வெளிவந்தது. அதே மாதம் குழு, அரசு விரும்பிய கிரிஸ் கிரேலிங்கை விட்டு ஜூலியன் லூயிஸைத் தலைவராக்க, கன்சர்வேடிவ் கட்சி அவரைத் தன் எம்.பி.க்கள் வரிசையிலிருந்து நீக்கியது. அந்த ஒரு விஷயத்தில் குழு முதுகெலும்பைக் காட்டியதாகவே எனக்குப் படுகிறது.

என்னைக் கேட்டால் வாஷிங்டன் வழிக்கே என் ஓட்டு. சண்டை அங்கேதான் அதிகம். ஆனால் நிரந்தர ஊழியர்களும் நிதிப்பிடியும் இருப்பதால் சண்டை போடவாவது முடிகிறது.

சரி, நம் நாட்டில்? உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி.க்கும் வெளிநாட்டு உளவுத்துறையான ராவுக்கும் இப்படிப்பட்ட நாடாளுமன்றக் குழு எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பெரும்பாலும் விலக்கு. காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2011-இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.