அரை மணி நேரம் ஓடவிட்டு வாங்கிய 3060

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். பழைய 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் 4கே காட்சிக்கு, படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால், மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடும். அதனால் செகண்ட் ஹேண்ட் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றைத் தேடி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன்.

மாடியில் சின்னக் கடை. ஏசி கிடையாது, ஒரு மேசை விசிறிதான். கார்டைச் சோதிக்க அதுவே நல்லது. யூடியூப் விமர்சகர்கள் பெரும்பாலும் குளுகுளு அறையில், இருப்பதிலேயே வேகமான பிராசஸரைப் போட்டு அளக்கிறார்கள். அதில் தப்பில்லை, பிராசஸர் குறுக்கே நிற்காவிட்டால்தான் கார்டுக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆனால் சென்னை மே மாதத்தில் என் மூடிய கேபினட்டுக்குள் என்ன நடக்கும் என்பது அவர்கள் கணக்கில் வராது.

விலை 16,500 என்றார்கள். கடைத் தம்பி கார்டைச் செருகி ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஐந்து நிமிடம் ஓட்டி, "பாருங்க சார், சூப்பரா ஓடுது" என்றார். திரையில் முடி முளைத்த டோனட் ஒன்று சுற்றுமே, அதுதான். சூடேற்றிப் பார்க்க நல்ல கருவி, ஆனால் மெமரியைப் பெரிதாகத் தொடாது. எனக்கு வேண்டியதே மெமரி.

பென்டிரைவில் கொண்டுபோன, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தேன். 2021இல் வந்த 3060இல் மெமரி 12 ஜிபி, அதற்கான பாதையின் அகலம் 192 பிட். அடுத்த ஆண்டு அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்டு ஒன்றும் வந்தது. நொடிக்கு 360 ஜிபியாக இருந்த மெமரி வேகம் அதில் 240தான். பெட்டியில்லாமல் வாங்குகிறவர் இதைப் பார்க்காமல் காசை நீட்டக் கூடாது. இது 12தான், சரி. "மைனிங்ல ஓடினதா தம்பி?" என்றேன். "தெரியாது சார், மொத்தமா எடுத்தது." மைனிங் என்றால் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது. எத்தீரியம் என்ற நாணயத்தில் 2022 செப்டம்பரோடு அது முடிந்த பிறகு இப்படி நிறைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. சூட்டைக் கடத்த உள்ளே வைக்கும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய்க் கசிவும் இல்லை.

ஃபர்மார்க் அரை மணி நேரம் ஓடட்டும் என்றேன். தம்பி முகம் கொஞ்சம் வாடியது, ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தார். இருபதாவது நிமிடம் ஒரு ஃபேன் 'கர்ர்' என்றது. ஐந்து நிமிடத்தில் அது அந்த வேகத்துக்கே போயிருக்காது. தம்பி வாதாடவில்லை. செத்துப்போன கார்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி ஃபேனைக் கழற்றி மாட்டினார், சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் புதிதாகப் போட்டார். மறுபடி ஓட்டியதில் 74 டிகிரி, சிப்பில் மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட் 87. கடைசியாக ஓசிசிடி என்ற இன்னொரு மென்பொருளில் மெமரி சோதனை. ஒரு பிழைகூட இல்லை. 15,800க்கு முடிந்தது.

வீட்டில் மூன்று நிமிட முகூர்த்தக் காட்சியை அதே நாய்ஸ் ரிடக்‌ஷனோடு மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்தேன். மூன்றும் நிற்காமல் முடிந்தன. சூடு 79 வரை போனது. அக்கா மகன் வந்து கேம் போட்டுப் பார்த்து, சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் ஃபிரேம், எவ்வளவு என்று குதித்தான். மிக மெதுவாக வரும் ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் அந்த 1 சதவீத லோவைப் பாருடா என்றேன். சராசரி 60 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி, நடுவில் ஒன்று 50 எடுத்துக்கொண்டால் சராசரி அசையாது, கண்ணுக்கு மட்டும் உறுத்தும்.

கடைமேல் ஒரு குறை உண்டு. ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி என்று பில்லில் எழுதியவர், கார்டின் சீரியல் எண்ணை நான் கேட்ட பிறகுதான் எழுதினார்.