நீர்க்கடுப்பு: ஆன்டிபயாடிக்கோடு சிரப்பா, ஆரஞ்சு மாத்திரையா?

போன மாங்காய் சீசனில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் எழுந்து போக நேரமிருக்காது என்று தண்ணீரையே குறைத்துவிடுவேன். மூன்றாம் நாள் சொட்டுச் சொட்டாக எரிந்தது. டாக்டர் சிறுநீர் டெஸ்ட் பார்த்துவிட்டு நைட்ரோபியூரன்டாயின் 100 மி.கி. மாத்திரையை, சாப்பாட்டோடு காலையும் இரவும் 5 நாள் எடுக்கச் சொன்னார்.

கிருமிக்கு மருந்து கிடைத்துவிட்டது. அது வேலை செய்யும்வரை எரிச்சலை எப்படித் தாங்குவது? மெடிக்கல் அண்ணா ஒரு சிரப்பை எடுத்து வைத்து, "இதையும் சேத்துக் குடிங்கம்மா, கடுப்பு அடங்கிடும்" என்றார். நம் ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும் அதே டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப்தான். நான் பாட்டிலை வாங்கிக்கொண்டாலும், திறக்கும் முன் டாக்டருக்கு போன் செய்தேன். "அது வேண்டாம்" என்று சொல்லி, பினசோபைரிடின் என்ற மாத்திரையை எழுதித் தந்தார்.

விலை, ருசி, கிடைப்பது எதிலும் சிரப்தான் முன்னால் நிற்கும். ஆனால் எனக்கு ஒரே ஒரு விஷயம் முடிவு செய்துவிட்டது: சிறுநீரின் புளிப்பு. சிரப் எரிச்சலைக் குறைப்பதே அந்தப் புளிப்பைப் போக்கி, சிறுநீரைக் காரத்தன்மைக்கு (அமிலத்துக்கு எதிரானது) மாற்றித்தான். நைட்ரோபியூரன்டாயினோ புளிப்பான சிறுநீரில்தான் நன்றாகக் கிருமியைக் கொல்லும். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் எரிச்சல் அடங்கின மாதிரி இருக்கும், உள்ளே கிருமி தப்பித்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்குக் கொடுக்கிற மெத்தனமின் மாத்திரைக்கும் இதே கதைதான். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு: கார சிறுநீரில் அந்த மருந்தே படிகமாகத் திரளலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடும் கவனிக்க வேண்டியதுதான். மெக்னீசியம் டிரைசிலிகேட் கலந்தது நைட்ரோபியூரன்டாயின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

பினசோபைரிடின் புளிப்பை மாற்றுவதில்லை, சிறுநீர்ப் பாதையை மரத்துப்போக வைக்கிறது, அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டுப் போட்டேன், மாலைக்குள் நிம்மதி. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், துணியில் பட்டால் கறை, பயப்பட வேண்டாம். ஆனால் டெஸ்டுக்கு சாம்பிள் கொடுத்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும், நிறம் முடிவைக் குழப்பும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தால் 2 நாளுக்கு மேல் வேண்டாம். இது கிருமியைத் தொடுவதே இல்லை, வலியை மட்டும் மறைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது. அந்தக் குறைபாட்டுக்கு நைட்ரோபியூரன்டாயினும் ஆகாது.

நான் எடுத்தது ஒரே ஒரு முறை, அதனால் எல்லோருக்கும் இதே சுகம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒற்றை டோஸ் ஆன்டிபயாடிக்கான பாஸ்போமைசின் பொடியை நான் குடித்ததில்லை, அதைப் பற்றி அனுபவப் பேச்சு என்னிடம் இல்லை. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றால் அதுவே நல்லது, அளவோடு எடுத்தால் இந்த ஆன்டிபயாடிக்கோடு மோதாது. கர்ப்பிணிகள், ஆண்கள், குளிரோடு காய்ச்சலோ விலாவில் வலியோ இருப்பவர்கள் சிரப்பும் மாத்திரையும் யோசித்துக்கொண்டிராமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அந்த பாட்டில் திறக்காமலே இருந்தது. மாமியார் "எனக்கு வேணும்மா" என்றார். அவருக்கு பி.பி. உண்டு, சிரப்பில் சோடியம் அதிகம். மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்து, ஏன் என்று அந்த அண்ணாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.