ஓரம் வெட்டிய வம்சாவளிச் சான்று: பொலிகாளை வாங்குவோர் கவனத்துக்கு

இறைச்சிக்காக வளர்க்கும் ஆங்கஸ் இனத்தில் பொலிகாளை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு விற்றவர் இனச் சங்கத்தில் பதிவான மாடுகளைப் பல காலமாக மந்தையாக வைத்திருப்பவர். காளையை அவிழ்த்துக் காட்டும் முன்பே சான்றைத்தான் நீட்டினார். "அண்ணே, யாரோட வாரிசுன்னு பாருங்க" என்று அவர் விரல் வைத்தது கடைசிக் கட்டத்தில், பாட்டனுக்கும் அப்பன் இடத்தில் இருந்த ஒரு பெயரின் மேல். இறைச்சித் தரத்துக்குப் பேர்போன காளை அது. என் பசுக்களின் சான்றுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "பொருத்தம் பிரமாதம்" என்றார். காளையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட முதுகு, அகன்ற இடுப்பு, நேரான கால்கள். பேசி முடித்தபோது கைக்கு வந்தது சான்றின் நகல்தான். அசல் பெயர் மாற்றத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

ஈற்றுக்காலம் வந்தது. ஒரு பசு விடிய விடிய முக்கியும் கன்று வரவில்லை. மருத்துவர் கையை விட்டுப் பார்த்து, "காலை நீட்டவே முடியல, மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கு" என்றார். இழுத்து எடுத்தபோது உயிரில்லை. முதுகெலும்பு வில்லாய் வளைந்து, கால்கள் மடங்கி விறைத்து, தோலும் எலும்புமாய் இருந்தது. சரி, ஏதோ ஒன்று தவறிவிட்டது என்று நினைத்தோம். அப்புறம் இன்னொரு பசுவுக்கும் அச்சாய் அதே மாதிரி. மருத்துவர் காளையின் வால் முடியை வேரோடு பிடுங்கி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

முடிவு: 'கர்லி காஃப்' (சுருண்ட கன்று) என்ற பரம்பரைக் குறைபாட்டை அந்தக் காளை சுமக்கிறது.

இது புதிய விஷயமே இல்லை. 2008இல் கண்டுபிடித்து, பரிசோதனையும் வந்துவிட்டது. ப்ரெசிஷன் 1680 என்ற பெயர்பெற்ற காளையே இதைச் சுமந்ததால், அதன் விந்து போன இடமெல்லாம் குறைபாடும் போனது. சுமக்கும் மாடு பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருக்கும். காளை, பசு இரண்டும் சுமந்தால்தான் கன்று இப்படிப் பிறக்கும். அதுவும் சராசரியாக நான்கில் ஒன்று. என் பசுக்களில் சிலவும் அதே வம்சம். 'பொருத்தம் பிரமாதம்' என்றாரே, அதன் லட்சணம் இதுதான்.

இதுவரை விதி என்று விட்டிருக்கலாம். பிறகுதான் இனச் சங்கத்தின் பதிவேட்டில் காளையின் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்திலேயே ஏஎம்சி என்ற குறி. குறைபாட்டைச் சுமக்கிறது என்று அர்த்தம். இல்லாத மாட்டுக்கு ஏஎம்எஃப் என்று வரும். அந்தக் குறி எனக்கு விற்பதற்கு முன்பே ஏறியிருந்தது. என் கையில் இருந்த நகலில் அந்த இடம் வெறும் வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓர் ஆங்கில எழுத்தின் கால் மட்டும் மிச்சம் தெரிகிறது.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில், "நகல் எடுக்கிறப்போ விட்டுப்போயிருக்கும்". அடுத்து, "உங்க பசுவுலயும் கோளாறு இருக்குல்ல". அதென்னவோ உண்மைதான். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதானே இந்தக் காளையை என் தலையில் கட்டினார்? இப்போது அழைத்தால் எடுப்பதே இல்லை.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. அவர் விரல் வைத்த அந்தப் பெரிய பெயரின் பங்கு இந்தக் காளையில் சராசரியாக எட்டில் ஒன்று. பாதி கொடுத்த தாய்ப் பசுவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பதிவேட்டில் பார்த்தால் அந்தப் பசுவின் கன்றுகளுக்குப் பிறப்பு எடையும் இல்லை, பால் மறந்தபோது எடுத்த எடையும் இல்லை. இளங்காளையின் மரபு மதிப்பு, அதாவது அதன் கன்றுகள் எப்படி வரும் என்ற கணிப்பு, என்று போடும் எண் பெரும்பாலும் பெற்றோர் மதிப்புகளின் சராசரிதான். ஒரு பக்கம் காலியாக இருந்தால் அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்புவது? ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு காளைகள் தாளில் ஒன்றுபோலத்தான் தெரியும், தொழுவத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். என்னைக் கேட்டால், சான்றில் முதலில் தேட வேண்டியது பெரிய பெயரை அல்ல. உங்கள் பசுக்களின் பக்கமும் காளையின் பக்கமும் ஒரே பெயர் வருகிறதா என்பதைத்தான்.

அதற்காக வம்சத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. 1950களில் அமெரிக்காவில் ஹெர்ஃபோர்ட் இன மாடுகளில் குள்ளக் கன்றுகள் பிறந்தபோது, பரிசோதனை இல்லாத காலம் என்பதால், பெயரை மட்டும் பார்த்துப் பல நல்ல மாடுகளையும் கழித்துக்கட்டினார்கள். இன்று ஒரு கொத்து முடி போதும். நான் வாங்கிய காளை இறைச்சிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறந்த கிடேரிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, குறைபாடு இல்லாதவற்றை மட்டும் இனவிருத்திக்கு நிறுத்துகிறேன்.

அதே மந்தையிலிருந்து இந்தக் காளையின் தம்பிகள் இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. யார் நகலைக் காட்டினாலும் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். காதுக்குள் பச்சை குத்திய எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும். தகப்பனை உறுதிசெய்யும் மரபணுச் சோதனை முடிவையும் கேளுங்கள். "அசல் வந்துகிட்டிருக்கு" என்றால், வந்த பிறகு பணம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.